வழித்துணை: பனியனின் பயணக் கதையில் துன்பமும் தோழமையும்

மொழிபெயர்ப்பின் வழியே நெடுந்தொலைவு சென்ற நூல்களுள் ஜான் பனியன் என்னும் ஆங்கிலேயர் இயற்றிய பயணக் கதையும் ஒன்று. அதன் முதற்பாகம் 1678-ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாகம் 1684-ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் அக்கதை தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் பன்னெடுங்காலமாகப் பயிலப்பட்டு வந்துள்ளது. எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதனைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் பெருங்காப்பியம் பாடி 1894-இல் வெளியிட்டபின், கிறிஸ்தவரல்லாத தமிழன்பர்களும் அக்கதையை அறிந்தனர்.

இந்நூலைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கருத்து ஒன்று உண்டு. இது தனியோர் உயிரின் தனிப்பயணம். மனிதன் தன் பாவச் சுமையைத் தானே சுமந்து, தன் வழியைத் தானே தேடி, தன் ஆற்றைத் தானே கடக்கிறான் என்பதே அக்கருத்து. நூலின் தொடக்கமும் இதற்கு இடந்தருகிறது. அழிவுக்குரிய நகரை விட்டு ஓடும் கிறிஸ்தியான், மனைவியும் மக்களும் பின்னின்று கூவி அழைக்க, காதுகளில் விரலை வைத்துக்கொண்டு ஓடுகிறான். இதைவிடத் தனிமையான ஒரு புறப்பாட்டை எண்ணிப் பார்ப்பது அரிது.

ஆயினும், தனியே புறப்பட்ட அம்மனிதன் துன்பம் முற்றிய இடங்களை எவ்வாறு கடந்தான் என்று ஆராய்ந்தால் வேறொரு செய்தி புலனாகும். பெரும் இடர்கள் பலவற்றிலும் உடன்வந்த ஒருவனின் கையோ குரலோ அவனைக் காத்து நிற்கிறது. துன்பக் காலத்தில் ஒரு கிறிஸ்தவன் மற்றொரு கிறிஸ்தவனுக்கு எவ்வாறு துணையாகிறான் என்பதே இந்நூலின் உட்பொருள் என்பதும், அப்பொருள் முதற்பாகத்தில் அரும்பி இரண்டாம் பாகத்திலேயே முழுமை பெறுகிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்துகளாகும். கதைமாந்தர் பெயர்களைப் பொருள் விளங்கும் பொருட்டு என் தமிழிலேயே தருகிறேன்.

சிறையும் வாசற்படியும்

பனியன் 1628-இல் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர் குலத்தொழில். 1666-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில், தம் மனமாற்றத்தின் தொடக்கமாக அவர் குறிப்பிடும் காட்சி மிக எளியது. பெட்ஃபோர்டுத் தெரு ஒன்றில், வெயில் படும் வாசற்படியில் மூன்று நான்கு ஏழைப் பெண்கள் அமர்ந்து இறைவனைப் பற்றித் தமக்குள் பேசிக்கொண்டிருந்தனர். வேலை தேடி வந்த பனியன் அருகே சென்று கேட்டார். அவர்கள் போதிக்கவில்லை, தத்தம் நெஞ்சின் துயரையும் அதில் பெற்ற ஆறுதலையும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தனர். அந்தப் பேச்சு அவரை விடவில்லை. பின்னர் அப்பெண்கள் சார்ந்திருந்த சிறு சபையிலேயே அவரும் சேர்ந்தார்.

1660-இல் முடியாட்சி மீண்டபின், அரசின் திருச்சபைக்குப் புறம்பாகக் கூடி வழிபடுவோர் மேல் சட்டம் பாய்ந்தது. அவ்வாண்டு நவம்பரில், போதிக்கச் சென்ற இடத்தில் பனியன் கைதானார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் தந்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் தரவில்லை, 1672 வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 1664-இல் வந்த சட்டமோ, ஒரு வீட்டாரைத் தவிர ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ அரசு ஏற்காத வழிபாட்டுக்குக் கூடுவதையே குற்றமாக்கியது. இதனை நாம் கருதுதல் வேண்டும். அக்கால மக்களுக்குத் தோழமை என்பது வாழ்க்கைக்கு அழகு சேர்க்கும் அணிகலன் அன்று. தலை எண்ணித் தண்டிக்கத்தக்க குற்றம். அதனாலேயே அதன் விலை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பனியனின் இளைய மனைவி எலிசபெத்து, கணவர் கைதான அதிர்ச்சியில் தன் கருவை இழந்தவள். அவள் 1661-இல் நீதிபதிகள் முன் நின்று வாதாடினாள். மூத்தாளின் பிள்ளைகள் நால்வர் தன் பொறுப்பில் இருப்பதையும், அவர்களுள் ஒன்று பார்வையற்ற குழந்தை என்பதையும், நல்லோர் தரும் உதவியன்றி வேறு பிழைப்பு இல்லை என்பதையும் அவள் எடுத்துரைத்தாள். நீதிபதிகளுள் மாத்யூ ஹேல் மட்டும் சற்றே இரங்கினார், விடுதலை கிட்டவில்லை. சிறைக்குள் பனியன் உலோக முனையிட்ட நாடாக்களைச் செய்து விற்றுக் குடும்பத்துக்குச் சிறிது பொருள் ஈட்டினார். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றிருந்தது என்று எழுதிய அவர், பார்வையற்ற மகளை எண்ணியே மிகுதியும் வருந்தினார்.

காதில் விரலிட்டு ஓடும் கிறிஸ்தியானின் காட்சியை இப்பின்னணியில் மீண்டும் படித்தல் தகும். அது குடும்பத்தைத் துச்சமென எண்ணிய ஒருவர் எழுதியதன்று. முதற்பாகத்தின் இரண்டாம் பதிப்பில் பனியன் சில பகுதிகளைப் புதிதாகச் சேர்த்தார். எழில் மாளிகையில் ‘அன்பு’ என்னும் நங்கை, மனைவி மக்களை ஏன் உடன் அழைத்து வரவில்லை என்று கிறிஸ்தியானை வினவும் பகுதி அவற்றுள் ஒன்று. அவன் கண்ணீர் விட்டு மறுமொழி கூறுகிறான். அவ்வினாவைக் கேட்கும் பாத்திரத்துக்கு அன்பு என்று பெயரிட்டது தற்செயல் ஆகாது. நூல் அச்சேறிய பின்னும் அவ்வினா ஆசிரியரை விடாமல் தொடர்ந்தது என்றே கொள்ளலாம்.

இருளில் கேட்ட குரல்

இனிக் கதைக்குள் புகுவோம். மரண நிழலின் பள்ளத்தாக்கில் கிறிஸ்தியான் தனியே நடக்கிறான். ஒருபுறம் பள்ளம், மறுபுறம் சேறு, இடையே ஒற்றையடிப் பாதை. தன் காதில் ஓதப்படும் பழிமொழிகள் தன் நெஞ்சிலிருந்தே எழுகின்றனவோ என்று அவன் மயங்கும் வேளையில், முன்னே எங்கோ ஒரு மனிதன் திருப்பாடல் ஒன்றைச் சொல்லிக்கொண்டு செல்லும் குரல் கேட்கிறது. அதனைக் கேட்டதும் அவன் உள்ளம் தேறுகிறது. இவ்விருளிலும் இறைவனுக்கு அஞ்சும் வேறொருவர் இருக்கிறார் என்ற ஒரே அறிவுதான் அத்தேறுதலுக்குக் காரணம்.

அவன் அக்குரலை நோக்கிக் கூப்பிடுகிறான்; மறுமொழி வரவில்லை. ஏனெனில் முன்னே செல்பவனும் தான் தனியே இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருந்தான். ஒரே இருளில் இருவர், ஒவ்வொருவரும் தம்மைத் தனியர் என்று கருதிக்கொண்டு நடக்கின்றனர். முன்னவன் தன் அச்சத்தை ஆற்றிக்கொள்ளச் சொன்ன வழிபாடு, அவன் அறியாமலே பின்னவனுக்கு ஆறுதலாயிற்று. பிறர்க்கு உதவ வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யும் உதவிக்கு முன்பாகவே, தன் துன்பத்தில் ஒருவன் நிலைத்து நிற்பது மற்றவனுக்கு உதவியாகிவிடுகிறது. இவ்வளவு நுட்பமான உண்மையை ஆசிரியர் விளக்கவுரை ஏதுமின்றிச் சில வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறார்.

அக்குரலுக்கு உரியவன் உண்மையன். விடிந்தபின் கிறிஸ்தியான் அவனைக் கண்டு, விரைந்து ஓடி, அவனையும் முந்திவிடுகிறான். தான் முந்திவிட்டதை எண்ணி வீண்பெருமையோடு நகைத்தவன், கால் இடறி விழுகிறான். உண்மையன் வந்து தூக்கும் வரை அவனால் எழ இயலவில்லை. தோழமையின் முதற்பாடம் இவ்விழுகையே. உடன் நடக்க வேண்டியவனைப் போட்டியாளனாகக் கருதியவன், அவன் கையாலேயே எழுப்பப்படுகிறான். பனியன் இதனை அறவுரையாக்காமல் சிறு நகைச்சுவையாகவே விட்டது அவர்தம் கலைத்திறனுக்குச் சான்று.

மாயச் சந்தையில் இருவரும் கூண்டில் அடைக்கப்படுகின்றனர். உண்மையன் எரிக்கப்பட்டு உயிர் நீக்கிறான். அவர்கள் பொறுமையைக் கண்ட அவ்வூரான் ஒருவன் மனம் திரும்பி, கிறிஸ்தியானோடு உடன்பிறப்பு உடன்படிக்கை செய்துகொண்டு புறப்படுகிறான். அவனே நம்பிக்கையன்.

கோட்டையும் ஆறும்

இருவரும் ஐயக் கோட்டையில் அகப்படும் பகுதியே முதற்பாகத்தின் இதயம் என்பேன். வழி தவறக் காரணமானவன் கிறிஸ்தியான். பாதை கரடாயிருக்கிறதே என்று பக்கத்துப் புல்வெளியில் இறங்கலாம் என்றவன் அவன்தான். நம்பிக்கையன் ஐயுற்றும், வயதில் மூத்தவன் என்று மதித்துப் பின்தொடர்ந்தான். வெள்ளத்திலும் இருளிலும் சிக்கியபோது கிறிஸ்தியான் மன்னிப்புக் கேட்கிறான். மற்றவன் அப்போதே மன்னிக்கிறான். கோட்டைக்குள் பட்ட துன்பம் அனைத்திலும் அப்பிழையை அவன் ஒருமுறையும் சுட்டிக்காட்டவில்லை. உதவி செய்பவன் செய்யாது விட்டதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

அவநம்பிக்கை அரக்கன் அவர்களைப் புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் நீரும் ஒளியும் இன்றி அடைத்து, அடித்து, இனித் தற்கொலையே வழி என்று அறிவுறுத்துகிறான். கிறிஸ்தியான் அதற்கு இணங்கும் நிலைக்கு வந்துவிடுகிறான். நம்பிக்கையன் அவனை எவ்வாறு மீட்கிறான்? கோட்பாடு எதையும் விரித்துரைத்து மட்டும் அன்று. அரக்கன் ஒருநாள் கதவைப் பூட்ட மறக்கவும் கூடும் என்கிறான். அப்பொல்லியோனை வென்றவனும், மரண நிழலின் பள்ளத்தாக்கைக் கடந்தவனும், மாயச் சந்தையில் அஞ்சாது நின்றவனும் நீயல்லவோ என்று நினைவூட்டுகிறான். இயல்பில் உன்னினும் மெலிந்த நானும் இதே சிறையில் இருக்கிறேன், எனக்கும் அதே அடி, அதே பட்டினி என்கிறான். துன்புறுபவன் தன் கடந்தகாலத்தை மறந்துவிடுகிறான்; தோழன் அதனை அவன் பொருட்டு நினைவில் வைத்திருக்கிறான்.

இறுதியில் கோட்டையைத் திறக்கும் திறவுகோல் எங்கிருந்து வந்தது? கிறிஸ்தியானின் மடியிலேயே அது இருந்தது. வாக்குறுதி என்பது அதன் பெயர். நம்பிக்கையன் திறவுகோலைக் கொண்டுவரவில்லை. திறவுகோல் நினைவுக்கு வரும் வரை அதற்குரியவனை உயிரோடு வைத்திருந்தான். துணைவனின் பணி எது, எது அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதைகள் சிலவே.

கடைசி ஆற்றிலும் இதே முறை தொடர்கிறது. மரணமாகிய அவ்வாற்றில் கிறிஸ்தியான் அமிழ்கிறான். அச்சம் அவனைச் சூழ்கிறது. நம்பிக்கையன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கப் பெரும்பாடு படுகிறான். நட்பைக் கூறவந்த வள்ளுவர், ஆடை நெகிழும் வேளையில் தானே விரையும் கையை உவமையாக்கினார். பனியன் காட்டும் கையும் அத்தகையதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. வள்ளுவர் சொன்ன கை இடுக்கணை அப்போதே களைந்துவிடுகிறது. இங்கோ ஆறு வற்றவில்லை, ஆழமும் குறையவில்லை. தாங்கும் கை மட்டுமே உண்டு. துன்பத்தை நீக்க இயலாதபோதும் துன்பப்படுபவனை விடாதிருக்க இயலும் என்பதே இக்காட்சியின் பொருள்.

பின்தங்கியவன் யார்?

இதுவரை பனியனைப் பாராட்டினோம். திறனாய்வாளன் இனி ஒரு குறையையும் நோக்குதல் வேண்டும். முதற்பாகத்தில் அறிவீனன் என்னும் இளைஞன் ஒருவன் வருகிறான். தன் நல்லெண்ணமே தன்னைக் கரைசேர்க்கும் என்று நம்புகிறவன் அவன். துணையின்றித் தனியே நடப்பதில் விருப்பமுடையவன். கிறிஸ்தியானும் நம்பிக்கையனும் அவனோடு வழக்காடுகின்றனர். முடிவில் அவன், உங்கள் விரைவுக்கு என்னால் நடக்க இயலாது, நீங்கள் முன்னே செல்லுங்கள் என்கிறான். அவர்களும் சென்றுவிடுகின்றனர். பின்னர் அவன் ஆற்றை எளிதில் கடந்தும், வானகரின் வாயிலிலிருந்தே நரகுக்குத் தள்ளப்படுகிறான். முதற்பாகத்தின் கதை அத்தள்ளுகையோடு முடிகிறது.

குறுகிய வாயில் வழியாக அவன் வரவில்லை என்பது பனியன் கூறும் காரணம்; அவர்தம் சமயக் கோட்பாட்டின்படி அது பொருந்துவதே. எனினும் கோட்டையில் பிழை செய்தவனை மன்னித்த அதே தோழமை, வாதத்தில் பிழைபட்டவனை வழியில் விட்டுச் சென்றது என்னும் உறுத்தல் வாசகர் நெஞ்சில் எஞ்சுகிறது. துன்புறும் சிறு கூட்டங்களுக்கு இயல்பாக நேரும் இடர் இது. உள்ளே இருப்பவரை அவை இறுகத் தழுவும். அவ்விறுக்கமே வெளியே நிற்பவருக்குச் சுவராகிவிடும்.

ஆறாண்டுகள் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் ஏறத்தாழ அதே சொற்கள் மீண்டும் ஒலிக்கின்றன. இம்முறை அவற்றைச் சொல்பவன் மெலிமனத்தான். அரக்கன் ஒருவனிடமிருந்து மீட்கப்பட்டவன்; நோயாளி; பிறர் உரக்கச் சிரித்தாலும் அழகாக உடுத்தாலும் மனம் நோகிறவன். உங்களுக்கு நான் பாரமாவேன், நீங்கள் செல்லுங்கள், நான் இயன்றவாறு பின்னே வருகிறேன் என்கிறான். வழிகாட்டியாகிய பெருநெஞ்சன் அதற்கு இணங்கவில்லை. சோர்ந்தவரைத் தேற்றுவதே தனக்கு இடப்பட்ட கட்டளை என்கிறான். உனக்காகக் காத்திருப்போம், உன் பொருட்டு எங்களுக்கு உரிமையான சிலவற்றையும் துறப்போம், உன்னை மயங்க வைக்கும் வழக்குகளை உன் முன் பேசமாட்டோம் என்று உறுதி கூறுகிறான்.

இருவரும் ஒரே நிலையினர் அல்லர் என்பது உண்மையே. அறிவீனன் தன்னை வலியவன் என்று எண்ணினான், மெலிமனத்தான் தன்னை மெலியவன் என்று அறிந்திருந்தான். ஆயினும் பின்தங்குவோன் ஒருவன் முன்னே செல்லுங்கள் என்று சொல்லும்போது நடப்பவர் செய்யத்தக்கது என்ன என்னும் வினாவுக்கு, ஒரே ஆசிரியர் இரு பாகங்களில் இருவேறு விடைகள் தந்துள்ளார். பின்னதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அதில் பயணத்தின் விரைவை வலியவர் வகுக்கவில்லை. மெலியவரின் கால்களே வகுக்கின்றன.

ஊன்றுகோலோடு ஆடியவன்

இரண்டாம் பாகம் முதற்பாகத்துக்கு நிகராகாது என்பது பலர் கொண்ட முடிவு. விறுவிறுப்பில் அது குறைந்ததே. போர்களை எல்லாம் பெருநெஞ்சனே புரிந்துவிடுவதால், மற்றவருக்கு நேரும் இடர் நமக்கு அத்துணை அச்சம் தருவதில்லை. ஆனால் அதன் நோக்கமே வேறு. முன்னர் விட்டுவரப்பட்ட மனைவி கிறிஸ்தியாளும் நான்கு புதல்வரும் இப்போது புறப்படுகின்றனர். அண்டை வீட்டு இளம்பெண் இரக்கமும் உடன் வருகிறாள். ‘அன்பு’ கேட்ட வினாவுக்கு ஆசிரியர் அளித்த விடையே இப்பாகம் எனலாம்.

வழியில் கூட்டம் பெருகுகிறது. மெலிமனத்தானுக்குப் பின் தளர்நடையான் ஊன்றுகோல்களோடு வந்து சேர்கிறான். வந்ததும் தன் கோல்களுள் ஒன்றை மெலிமனத்தானுக்குக் கொடுக்க முன்வருகிறான். தன்னிடம் மிகுந்திருப்பதைத் தருவது கொடை. தான் சாய்ந்து நிற்பதையே தர முன்வருவதற்கு எப்பெயர் இடுவது? முடமாகும் முன்னே கோல் எதற்கு, நாயை விரட்ட வேண்டுமானால் உதவும் என்று மெலிமனத்தான் மறுமொழி சொல்கிறான். துன்புறுவோர்க்கு நகைச்சுவையும் உண்டு என்பதைப் பனியன் மறக்கவில்லை.

ஐயக் கோட்டை இப்பாகத்தில் தகர்க்கப்படுகிறது. அதனுள் சாகும் நிலையில் கிடந்த சோர்வாளனும் அவன் மகள் அச்சமிக்காளும் மீட்கப்படுகின்றனர். கிறிஸ்தியாளும் இரக்கமும் இசைக்க, தளர்நடையான் ஒரு கையில் ஊன்றுகோலோடு அச்சமிக்காளின் கைபற்றி ஆடுகிறான். முடவனும் அஞ்சுவாளும் ஆடும் இவ்வாட்டத்தை வெறும் வேடிக்கை என்று தள்ளுவோர், சிறையில் பன்னிரண்டு ஆண்டு கழித்த ஒருவர் இதனை எழுதினார் என்பதை நினைத்தல் வேண்டும். பின்னர் அப்பெண் பாடிக்கொண்டே ஆற்றைக் கடக்கிறாள். அவள் பாடியது என்னவென்று எவருக்கும் விளங்கவில்லை.

தமிழ் மரபும் இக்கதையும்

திருநெல்வேலிச் சீமையின் கரையிருப்பில் 1827-இல் பிறந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற கிருஷ்ணபிள்ளை, ஐந்து பருவங்களும் 3,700-க்கு மேற்பட்ட பாடல்களும் கொண்ட தம் காப்பியத்துக்கு முதற்பாகக் கதையையே அடிப்படையாகக் கொண்டார். தன்னிகரற்ற தலைவன் ஒருவனை வேண்டும் காப்பிய இலக்கணத்துக்கு அதுவே இயைந்தது. ஊன்றுகோல் ஊன்றியவரும் நோயாளரும் முதியோரும் சேர்ந்து நடக்கும் இரண்டாம் பாகத்துக்குத் தமிழில் அத்தகைய பெரும்பேறு வாய்க்கவில்லை.

ஆயினும் அதன் உள்ளம் தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனை எதிர்ப்பட்டு, தான் பெற்ற வளத்தைச் சொல்லி வழிகாட்டுவதே நம் ஆற்றுப்படை இலக்கியம். பசியை அறிந்தவன் பசித்தவனுக்கு வழி சொல்கிறான். ஆனால் ஆற்றுப்படைப் பாணன் வழியைச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவான். பனியனின் தோழன் திரும்பி உடன் நடக்கிறான். இவ்விரண்டையும் ஒப்புநோக்கி ஆராய்வோர்க்கு விரிந்த களம் இங்கு உண்டு.

முடிவுரை

துன்புறும் உடன்விசுவாசிக்கு உதவுதல் என்றவுடன் நாம் பொருளுதவியையே முதலில் எண்ணுகிறோம். எலிசபெத்தின் நான்கு பிள்ளைகளும் நல்லோர் தந்த அப்பத்தால் வாழ்ந்தவர்கள். ஆதலின் பொருளுதவியைச் சிறிதென்று கூற நமக்கு உரிமை இல்லை. அதற்குமேலும் வேண்டப்படுவன யாவை என்பதையே பனியன் காட்டினார்: இருளில் தன் வழிபாட்டை விடாது சொல்லும் குரல், பிழையைச் சுட்டாத நாவு, தளர்ந்தவனின் பழைய வீரத்தை அவனுக்காக நினைவில் வைத்திருக்கும் நெஞ்சு, மெலியவனுக்காகக் குறைத்துக்கொண்ட நடை.

1688-ஆம் ஆண்டு, ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நேர்ந்த பிணக்கைத் தீர்ப்பதற்காகப் பனியன் குதிரையேறி ரெடிங் நகருக்குச் சென்றார். அங்கிருந்து இலண்டனுக்கு வரும் வழியில் பெருமழையில் நனைந்து காய்ச்சல் கண்டு, ஆகஸ்டு 31-ஆம் நாள் உயிர் நீத்தார். மனைவி மக்களை விட்டு ஓடிய ஒருவனின் கதையால் உலகப்புகழ் பெற்றவர், பிரிந்த ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கச் சென்ற வழியிலேயே தம் பயணத்தை முடித்தார். அவர் நூலின் இரு பாகங்களுள் எது அவர் உள்ளத்துக்கு அணித்து என்னும் வினாவுக்கு இம்முடிவே விடை என்று கொள்வதில் பிழையில்லை.